அளவு ஜாக்கெட்

எழுதிக்கொண்டிருக்கிற அந்தக் காவலர் அம்மாவின் சட்டையில் இடது தோள் அரை இன்ச் இறங்கியிருக்கிறது. மொத்தமாக வெட்டித் தைக்கிற இடங்களில் வருகிற கோளாறு இது. கையைத் தூக்கி எழுதும்போதெல்லாம் அக்குளில் இழுக்கும், சாயங்காலத்துக்குள் தோள் வலி வந்துவிடும். தனக்கு வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சும்மா சொன்னேன் சார். அவர் எழுதட்டும்.

என் பெயர் நீலாயதாட்சி. வயது நாற்பத்தேழு. பிறந்தது நாகப்பட்டினத்தில், மீன்பிடிக்கிற குடும்பம். கட்டிக்கொடுத்தது கீழ்வேளூரில். கணவர் சிங்காரவேலு இறந்து பதினோரு வருடமாகிறது. ஒரே பெண், மீனா. வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். என் தையலைப் பற்றி இந்த ஊரில் யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மதிவதனியை ஏன் கொன்றாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நீங்கள் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்பதால் பதில் சீக்கிரம் வந்துவிடாது. நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை நீங்கள் படித்த சட்டம் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் அளவு ஜாக்கெட் என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்பிளைக்குத் தெரிய வாய்ப்பில்லை, உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் உடம்பில் டேப் வைத்து அளக்கவிடமாட்டார்கள். கூச்சம். தங்களுக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்து, இதே அளவுக்குத் தைத்துவிடுங்கள் என்பார்கள். அந்தப் பழைய ஜாக்கெட்தான் அளவு ஜாக்கெட். சிலர் ஒரே ஜாக்கெட்டைப் பத்து வருடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சாயம் போய், அக்குள் வெளுத்து, போட்டுக்கொள்ளவே முடியாத நிலைக்கு வந்தாலும் தூக்கிப் போடமாட்டார்கள். தாங்கள் குண்டாகிவிட்டோமா, இளைத்துவிட்டோமா என்பதை அதைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். டாக்டர் சொன்னால்கூட இரண்டாம் பட்சம்தான். அந்த ஜாக்கெட் ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் என் வீட்டில் கிடக்கிறது என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

ஜாக்கெட்டின் பக்கவாட்டில் மூன்று வரி தையல் போடுவோம். உடம்பு போட்டால் உள்வரியைப் பிரித்துவிட்டால் போதும், ஜாக்கெட் தளரும். இதற்கு எதிராக, உள்ளே இன்னொரு வரி ஓட்டினால் இறுகும். கால் இன்ச் உள்ளே தள்ளி ஒரு வரி ஓட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. துணிக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

இனி மதிவதனி. பக்கத்துத் தெரு நல்லக்கண்ணுவின் மகள். அவர் மற்றவர் வயலில் கூலிக்கு நடவு, அறுப்பு என்று நின்றே பெண்ணைப் பட்டப்படிப்பு படிக்க வைத்தார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிற வேலை பார்த்தாள். புருஷன் நெடுமாறனுக்கு மின்சார வாரியத்தில் வேலை. அவளுக்கு வயது முப்பத்தேழு. பிள்ளை இல்லை. ஆள் நல்ல கனம். அதைப் பற்றி அவளுக்குத் துளியும் வெட்கம் கிடையாது. என் கடைப் படியில் ஏறும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். சுமை தூக்குகிறவர்கள், விவசாயிகள், லாரிக்காரர்கள் என்று நூறு ஆம்பிளைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரிடமும் அப்படித்தான் சிரிப்பாள். ஒரு பெண்ணுக்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று நான் நினைத்ததுண்டு. நினைப்பது குற்றமில்லை என்று நம்புகிறேன்.

அவள் கையை வீசிக்கொண்டு வரமாட்டாள். தஞ்சாவூர் போய் வந்தால் அசோகா அல்வா, திருவாரூர் போய் வந்தால் பக்கோடா, ஒன்றும் இல்லாவிட்டால் வீட்டில் சுட்ட அதிரசம். எனக்கு என்று சொல்லித்தான் கொடுப்பாள். ஆனால் பொட்டலத்தைப் பிரிப்பது மீனாவின் முன்னால். மீனா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் கட்டிக்கொண்டிருப்பாள், பழைய தையல் பிரித்துக் கொடுப்பாள். அவளுக்கு அப்பா வழி உடம்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதை போடும். அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நான் அவளுக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்தி, காலையில் கொள்ளுத் தண்ணீர் கொடுத்து, கண்ணும் கருத்துமாகப் பார்த்து வந்தேன். மதிவதனி வந்து ஒரு பொட்டலத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

“புள்ளையப் பட்டினி போட்டு வாட்டாதீங்கக்கா. அவளுக்கு என்ன குறை? கிளி மாதிரி இருக்கா. அவளைப் புடிச்சவன் அப்படியே கட்டிக்கிட்டுப் போறான்.”

மீனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆனி மாதம் மதிவதனி தானாகவே ஒரு விண்ணப்பம் வாங்கி வந்து, பூர்த்தி செய்து, மீனாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் பரிசோதிக்கிற லேப் படிப்பு. ஹாஸ்டலும் அவளே பார்த்துக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, நான் போடாவிட்டாலும் போயிருப்பாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு லேபில் வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் மாதம் ஒரு முறை வந்தாள். பிறகு தீபாவளி, பொங்கலுக்கு. இந்த வருடம் பொங்கலுக்கும் வரவில்லை. வேலை அதிகம் என்று சொன்னாள். சின்ன வயதில் வேலை பார்ப்பது நல்லதுதான்.

எனக்கு அவள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நலமா, நலம், மருந்து சாப்பிட்டாயா, வைக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் மதிவதனியுடன் தினமும் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மதிவதனியே வந்து சொல்வாள். பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஜாக்கெட் துணி கொடுக்க வந்தவள் படியில் நின்றபடியே சொன்னாள்.

“மீனா நல்லா இருக்காக்கா, கவலைப்படாதீங்க. நேத்து ஒரு மணி நேரம் பேசினா.”

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. நான் பெற்ற பெண் நலமாக இருக்கிற சேதியை இன்னொருத்தி என் வீட்டுப் படியில் நின்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். நான் சந்தோஷம் மதி என்றேன். அவள் போனதும் பையைப் பிரித்தேன். அரக்கு நிற அளவு ஜாக்கெட் மேலேயே இருந்தது. மிஷினில் சிவப்பு நூல்தான் மாட்டியிருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே ஒரு வரி ஓட்டினேன். அப்போது எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. கோபத்தில் தைத்தால் வரி கோணும். அந்த வரி நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தது.

பொங்கல் ஜாக்கெட்டையும் அதே அளவுக்குத் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்தாள். ஹூக் எட்டவில்லையாம். பழைய ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் எட்டவில்லை, இந்தத் தடவை கரும்பு அதிகம் தின்றுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள். நான் கொஞ்சம் பிரித்து விட்டுக் கொடுத்தேன். மாசியில் இன்னும் மூன்று ஜாக்கெட் கொண்டுவந்தாள், ஹூக் மாற்ற. அவற்றிலும் ஒவ்வொரு வரி. பங்குனியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் பாதியில் என் கடைக்கு ஓடி வந்தாள், ஒன்றுமே போட முடியவில்லை என்று. அன்றைக்குச் சிரிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு வருடத்தில் முதல் முறையாக என் கடையில் அவள் சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேலை நன்றாக ஓடியது.

உடம்பு இளைக்கிற மாத்திரையை நான் கொடுத்தேன் என்கிறீர்கள். அதைக் கொஞ்சம் திருத்தி எழுதச் சொல்லுங்கள். நான் நீட்டவில்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் யாரும் வாங்கலாம். பச்சை நிற டப்பா, மேலே ஒல்லியான இடுப்பும் ஒரு டேப்பும் படம் போட்டிருக்கும். மூலிகை என்று பெரிதாகவும் மற்றதையெல்லாம் எறும்பு மாதிரியும் அச்சடித்திருப்பார்கள். அதை மிஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டுகளோடு வைத்திருந்தேன். அவள்தான் எடுத்துப் பார்த்தாள். இது கேட்குமா அக்கா என்றாள். மீனா சாப்பிட்டிருக்கிறாள் என்றேன். அது உண்மை. நான் பொய் சொல்லவில்லை. மீனாவின் பெயரைக் கேட்டதும் வேறெதுவும் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கொள்முதல் நிலையத்தில் தெரிந்தவர்கள் நடுவே மெடிக்கலில் போய் நின்று இதைக் கேட்க அவளுக்குக் கூச்சம். மூன்றாவது டப்பா வாங்கும்போது எங்கள் ஊர் மெடிக்கல் ஜாஃபர் சாதிக் என்னைக் கூர்ந்து பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். தெரிந்தவர்களுக்கு என்றேன்.

“தொடர்ந்து சாப்பிடுற மாத்திரை இல்லக்கா இது. படபடப்பு, தலைசுத்தல் வந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க. டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. இனிமே சீட்டு இல்லாம நான் தரமாட்டேன்.”

அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதன் பிறகு நான் திருவாரூர் போய் வாங்கினேன். லைனிங் துணி எடுக்க எப்படியும் வாரம் ஒரு முறை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கடை. யாரும் எதுவும் கேட்கவில்லை. படபடப்பு என்ற சொல்லை நான் மதிவதனியிடம் சொல்லவுமில்லை.

மாத்திரை வேலை செய்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதோடு அவள் சோற்றையும் விட்டாள். காலையில் வெறும் டீ, மத்தியானம் இரண்டு வாய். சித்திரையில் முகம் வற்ற ஆரம்பித்தது. வைகாசியில் மோதிரம் கழன்று கொள்முதல் நிலையத்துக் களத்தில் விழுந்து, அரை நாள் நெல்லைக் கிளறித் தேடினார்கள். மற்றவர்கள், என்ன மதி இளைத்துவிட்டாய், சர்க்கரை இருக்கிறதா, பார்த்துக்கொள் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவள் வந்து என்னிடம் கேட்டாள், எல்லோரும் இப்படிச் சொல்கிறார்களே, ஜாக்கெட் மட்டும் ஏன் அப்படியே பிடிக்கிறது என்று. முகமும் கையும்தான் முதலில் வற்றும், உடம்புச் சதை கடைசியில்தான் கரையும், பாதியில் விட்டால் இரண்டு மடங்காக ஏறிவிடும் என்றேன். இருபத்திரண்டு வருடமாகப் பெண்களின் உடம்பைப் பார்க்கிறவள் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

அவள் இளைக்க இளைக்க நானும் உள்ளே வந்துகொண்டே இருந்தேன். அவளுடைய பதினாலு ஜாக்கெட்டும் மாறி மாறி என்னிடம் வந்தன. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப் போவாள். டேப்பையும் விடவில்லை. நுனியில் இரண்டு இன்ச் வெட்டிவிட்டு, அந்தப் பித்தளைத் தகட்டை மறுபடியும் பொருத்தினேன், எந்த அளவும் இரண்டு இன்ச் கூடுதலாகவே காட்டும். அதை அவளுக்கு மட்டும் எடுப்பேன். மற்றவர்கள் வேலையில் நான் ஒரு நாளும் தப்புச் செய்ததில்லை.

ஒரு ஆள் தன் உடம்பையே இப்படித் தெரியாமல் இருப்பாளா என்று நீங்கள் கேட்டீர்கள். புடவை எல்லோருக்கும் ஒரே அளவு சார். கொசுவத்தை இரண்டு மடிப்புக் கூட வைத்தால் முடிந்தது. பிடிக்கிறதா இல்லையா என்று சொல்கிற துணி ஜாக்கெட் ஒன்றுதான். அது தினமும் காலையில் அவளிடம் நீ இளைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆவணி கடைசியில் குறுவை அறுப்புத் தொடங்கி, புரட்டாசியில் கொள்முதல் சூடுபிடித்தது. நெல் மலையாகக் குவிந்து கிடக்க, மழையும் வந்தது. அவள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நாலு முழத்தில் மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு. வருடக்கணக்காக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவள் அதில் ஏறியதில்லை. சுமை தூக்குகிறவர்கள் பார்க்க ஒரு பெண் மூட்டைத் தராசில் போய் நிற்பாளா? கேலி பண்ணியே ஊரை விட்டு ஓட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு நாள் மழை பெய்து எல்லோரும் தார்ப்பாய் போட ஓடிய நேரத்தில் ஏறியிருக்கிறாள். அன்று சாயங்காலம் நனைந்துகொண்டே என் கடைக்கு வந்தாள். இந்த இடத்தைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் என்னிடம் வாங்க நினைப்பது இங்கேதான் இருக்கிறது.

“அக்கா, தராசுல ஏறிப் பாத்துட்டேன். நாப்பத்தாறுன்னு காட்டுது. போன வருசம் ஆஸ்பத்திரியில எழுபத்தெட்டு இருந்தேன். மழையில நனைஞ்சு தராசு கெட்டுப்போச்சு போல.”

மூட்டை நிறுக்கும்போது சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டேன்.

“அதுலயும் இப்ப சந்தேகமா இருக்குக்கா. நெல்லு கொண்டாறவங்க தராசு தப்பு, தராசு தப்புன்னு தெனம் சண்டை போடுறாங்க. நான்தான் சரியா இருக்குன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டிருக்கேன். நாளைக்கே ஆளை வரச்சொல்லிப் பாக்கணும். பாவம், அவங்க நெல்லு.”

அவள் கவலை அப்படி இருந்தது. தன் உடம்பில் முப்பத்திரண்டு கிலோ காணாமல் போனதை ஒரு இயந்திரம் முகத்துக்கு நேரே சொல்லியும், அவள் விவசாயிகளின் நெல்லுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றாள். பேசும்போது மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு துடிப்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். டேப்பை எடுத்து மார்பைச் சுற்றிப் பிடித்து, எண்ணைச் சத்தமாகப் படித்தேன். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஹூக் எட்டவில்லை. எப்படி எட்டும், அதற்குள் ஆறு வரி இருந்தது.

நான் சொன்னேன், “தராசுதான் தப்பு, மதி.”

அவள் தலையாட்டினாள். போகும்போது வாசலில் நின்று, மீனாவிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினாள். அவளைச் சாப்பிடு சாப்பிடு என்று சொன்னவளே நான், இப்போது இப்படிச் செய்கிறேன் என்று தெரிந்தால் சிரிப்பாள் என்றாள். நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கையும் காப்பாற்றினேன்.

மறுநாள் தராசு பார்க்க ஆள் வந்து, தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதை அவள் என்னிடம் சொன்னாள். மழை நின்று காய்ந்ததால் சரியாகியிருக்கும் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் ஏறிப் பார்க்கவில்லையா என்றேன். வெட்கமாக இருக்கிறது என்றாள்.

ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விழுந்தாள். பட்டியல் எழுதிக்கொண்டே மேசையில் தலை சாய்த்தாளாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லாத வேலை, கண்ணசருகிறாள் என்று நினைத்து, சுமை தூக்குகிறவர்கள் சத்தம் போடாமல் நடந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் திருவாரூர், பிறகு தஞ்சாவூர். இரண்டு நாள் இருந்தாள். சாப்பாடு இல்லாமல் உடம்பில் உப்புச் சத்தெல்லாம் இறங்கி, மாத்திரை இதயத்தை விரட்டி, அது தாளம் தவறி நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நானும் போயிருந்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. நெடுமாறன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கூடப் பிறந்தவள் மாதிரி நீங்கள்தான் அவளைப் பார்த்துக்கொண்டீர்கள் என்று அழுதார். நான் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மீனா அங்கேதான் இருந்தாள். எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். நெஞ்சை அமுக்கிப் பார்ப்பதற்காக மதிவதனியின் ஜாக்கெட்டை நர்ஸ் கத்தரித்து எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மீனாவின் கையில் கொடுத்திருந்தார். நான் போனபோது அவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி மடியில் வைத்திருந்தாள். பக்கத்துத் தையலை நகத்தால் தடவி ஒவ்வொரு வரியாக எண்ணினாள். எட்டு. பழைய தையல் எது, புதிது எது, ஊசித் துளை எங்கே என்று பார்க்க நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் அவள் என் வீட்டைத் திறந்து பெட்டியைக் கிளறியிருக்கிறாள். நீங்கள் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறீர்களே, அதில் மேலே இருக்கிற பச்சை ஜாக்கெட் மதிவதனியுடையது என்று அட்டையில் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அது மீனாவுடையது. நீலச் சுடிதாரும் அவளுடையதுதான். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பச்சையில் ஐந்து வரி, நீலத்தில் நாலு.

ஆமாம், அவளுக்கும் அப்படித்தான் செய்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது ஆரம்பித்தேன். வாயால் சொன்னால் கேட்கிற பெண் இல்லை. துணி சொன்னால் கேட்டாள். அதே பச்சை டப்பாதான். நாலு மாதத்தில் நன்றாக இளைத்தாள். பிறகு ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்தபடியே மயங்கி விழுந்தாள். திருவாரூரில் ஒரு டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நாள் இதே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் பெண் உங்களுக்கு இல்லை என்றார். எப்படி நடக்கும், எந்த வரிசையில் நடக்கும், முதலில் என்ன தெரியும் என்று எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார். நல்ல டாக்டர். வீட்டில் ரத்தச்சோகை என்று சொல்லி முடித்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தினேன். தையலை நிறுத்தவில்லை.

ஆகவே மதிவதனிக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்டால், தெரியும். மோதிரம் கழன்றபோது தெரியும். மூச்சு வாங்கியபோது தெரியும். தராசுதான் தப்பு என்று சொன்னபோது நன்றாகத் தெரியும். அன்றைக்கு அந்த அளவு ஜாக்கெட்டை வாங்கி அவள் கண் முன்னால் நாலு வரியைப் பிரித்துப் போட்டிருந்தால் அவள் இன்றைக்கு நெல் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பாள். பிரிக்கிற ஊசி என் கையிலேயே இருந்தது. நான் பிரிக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேறு யாரையும் இதில் இழுக்க வேண்டாம்.

அவள் மேல் எனக்கு இப்போது வெறுப்பு இல்லை. இனி மீனாவுக்குப் பேச அங்கே ஆள் கிடையாது. பெற்றவளிடம்தான் வந்தாக வேண்டும். அவள் புகார் கொடுத்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பெண், அதிர்ச்சியில் செய்துவிட்டாள். அதற்காக அவளை யாரும் திட்ட வேண்டாம்.

காலையில் உங்கள் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நெடுமாறனோடு நின்றுகொண்டிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் அது அழுத வீக்கம் மட்டும் இல்லை. இரண்டு வருடம் ஹாஸ்டல் சாப்பாடு. கழுத்து நிரம்பிவிட்டது, கை தடித்துவிட்டது, சுடிதார் தோளில் இழுக்கிறது. குறைந்தது எட்டு கிலோ ஏறியிருக்கிறாள். நான் வெளியே வரும் வரை அவளைக் கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்லுங்கள் சார், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.